கிராம சபையில் ஐந்து நிமிடம்: அடுக்குமொழியா, ஆதாரமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு சிற்றூர். அக்டோபர் 2 கிராம சபையில், ஏரிக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து கிடப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசப் போகிறீர்கள். இதுவரை மேடை ஏறியதில்லை. அப்பா, "குறள், பாரதி எல்லாம் வச்சு எடுப்பா பேசும்மா" என்கிறார். தம்பி, பவர்பாயின்ட் போட்டுத் தருகிறேன் என்கிறான். எது எடுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "போன தடவை ஒருத்தர் பிரமாதமா பேசினார், எல்லாரும் கைதட்டினாங்க, அப்புறம் ஒண்ணும் நடக்கலை." கைதட்டு வாங்கும் பேச்சை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியை ஏற்றும் பேச்சை எப்படிப் பேசுவது என்றுதான் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன்.

நான் கடலூரில் இருபத்தெட்டு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பாலான வருடங்கள் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து நெய்வேலி வரை நடுவராகப் போயிருக்கிறேன். பட்டிமன்றங்களில் பேசியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு மகளிர் குழுப் பெண்களுக்கு மைக் முன்னால் நிற்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நீதிமன்றமும் தொலைக்காட்சி விவாதமும் எனக்குப் பழக்கமில்லாத இடங்கள். நில அளவைச் சட்டமும் என் துறை இல்லை, அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் தோற்ற கதை. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அடுத்த மாதம் ஒரு ஊரில், சேதம் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் விவசாயிகள் குறை சொல்லும் கூட்டம். "வாத்தியார் பேசட்டும்" என்று என்னை எழுப்பிவிட்டார்கள். "முந்திரி முறிந்தது, முகங்கள் வாடின, முதுகெலும்பே ஒடிந்தது" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பொழிந்தேன். நல்ல கைதட்டு. அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், இந்த ஊர்ல எத்தனை மரம் விழுந்திருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் இருந்தவர் "ஆயிரக்கணக்குலங்க" என்றார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா எழுந்து வந்தார். மடியை அவிழ்த்து மேசைமேல் முந்திரிக்கொட்டைகளைக் கொட்டினார். விதைக்கென்று எடுத்து வைத்திருந்த கொட்டை. "ஒரு மரத்துக்கு ஒரு கொட்டையா போட்டுக்கிட்டே தோப்பைச் சுத்தி வந்தேன். எண்ணிக்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதிகாரி உண்மையிலேயே எண்ணினார், பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து. அறுபத்து மூன்று. பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு நிவாரணம் சீக்கிரம் வந்ததா என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் தாளில் ஏறிய முதல் எண் அவருடையது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அரிஸ்டாட்டிலின் பழைய பாகுபாடு ஒன்று ஞாபகம் வரும். சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்னால் அவர் பேச்சுக்கலையை வகுத்தபோது, நம்பவைக்கும் வழிகளை இரண்டாகப் பிரித்தார். பேச்சாளர் தன் திறத்தால் உண்டாக்குவது ஒரு வகை. ஏற்கெனவே உலகத்தில் கிடப்பதை எடுத்துப் பயன்படுத்துவது இன்னொரு வகை. சட்டம், சாட்சி, ஒப்பந்தம் எல்லாம் இதில் வரும். முதல் வகையையும் மூன்றாகச் சொன்னார்: பேசுகிறவரின் நடத்தை மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, வாதத்தின் கட்டு. உங்கள் அப்பா சொல்வது முதல் வகை, தம்பி சொல்வது இரண்டாம் வகை. வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சண்டை ரொம்பப் பழையது. அந்த அம்மாவின் கொட்டைகள் இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்தவை. எண்ணிக்கைக்கு ஆதாரம் அதுதான். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் குனிந்து நின்றதும் நம் கண்ணில் வந்துவிடுகிறது.

நம் பக்கத்திலும் இதற்குக் குறைவில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதம் எப்படிக் கட்டவேண்டும் என்று மணிமேகலைக்குச் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வந்த கூற்று. புகை தெரிவதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. மேலே உபநயம், நிகமனம் என்று இரண்டு உறுப்புகள் உண்டு, ஐந்து நிமிடப் பேச்சுக்கு முதல் மூன்று போதும். வகுப்பில் நான் இதில் ரொம்ப நேரம் நிற்பேன். ஏன் அடுக்களை? மலையைப் பற்றிப் பேசுகிறவர் இன்னொரு மலையைக் காட்டியிருக்கலாமே? அந்த மலையிலும் நெருப்பு உண்டா என்று கேட்பவர் கேட்டுவிடுவார். அடுக்களையில் புகைக்குக் கீழே நெருப்பு இருப்பதைப் பார்க்காதவர் கிடையாது. ஆக, எடுத்துக்காட்டைக் கேட்பவர் வீட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தை இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். "நம்ம ஏரி நிரம்ப மாட்டேங்குது. வர்ற வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு. வீட்டுல மேல்தொட்டி நிறைய தண்ணி இருந்தும், குழாய்ல பாசி அடைச்சா கீழே சொட்டுச் சொட்டாத்தானே வருது, அந்த மாதிரி." இதற்கு எந்த அலங்காரமும் வேண்டாம். கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் குழாயைக் கழற்றி ஊதியவர்கள். ஆனால் ஒன்று: குழாய் உவமை விளங்கத்தான் வைக்கும், நிரூபிக்காது. "மழையே பெய்யலை, அதான் நிரம்பலை" என்று ஒருவர் எழுந்தால் குழாயைக் காட்டிப் பயனில்லை. பக்கத்து ஊர் ஏரி அதே மழையில் நிரம்பியதா என்பதுதான் அங்கே ஆதாரம். அதை முன்னாலேயே போய்ப் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத எடுத்துக்காட்டுக்கு அதே காதையில் திட்டாந்தப் போலி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம் மேடைகளில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுக்குமொழிக்கு வருகிறேன். அதை விட்டுவிடுங்கள் என்று தமிழாசிரியனே சொன்னால் நாக்கு அழுகிவிடும். எதுகையும் மோனையும் சொல்லை நினைவில் ஒட்டவைக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுத்தறிவு பரவலாக இல்லாத காலத்தில் நம் பாட்டும் பழமொழியும் பிழைத்துக் கிடந்ததே அதனால்தான். ஆனால் நினைவில் நிற்பதும் நம்பிக்கை வருவதும் ஒன்றில்லை. அண்ணாவின் அடுக்குமொழியைப் பார்த்துத்தான் மூன்று தலைமுறைப் பேச்சாளர்கள் மேடை ஏறினார்கள். அதே காலத்தில் பெரியார் பேச்சுவழக்கில், வீட்டுத் திண்ணையில் பேசுவது போல, மணிக்கணக்கில் வாதம் செய்தார்; அதற்கும் கூட்டம் கூடியது. நம் பேச்சுப் போட்டிகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டன. அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு. "கடல் போன்ற கூட்டத்திற்குக் கனிவான வணக்கம்" என்று முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையில் பிள்ளைகளைச் சொல்லவைத்தவன் நான்.

அதனால் என் யோசனை, ஓசையை ஒரே இடத்தில் செலவழியுங்கள். கூட்டம் கலைந்து போகும்போது வாயில் தங்க வேண்டிய வரி எதுவோ அதில் மட்டும். உதாரணத்துக்கு, "வாய்க்கால் இருக்கு, வழி இல்லை." தேடித் திரிந்து வைத்த மோனை இல்லை இது. விஷயமே இரண்டு சொல்லில் அடங்குகிறது, ஓசை கூடவே வந்துவிட்டது. இதைத் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் அளவைக் காட்டிவிட்டு ஒரு முறை, கோரிக்கைக்கு முன்னால் ஒரு முறை சொல்லுங்கள். சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வருவதை அணியிலக்கணத்தில் பின்வருநிலை என்போம். நன்னூல் கூறியது கூறலைக் குற்றம் என்கிறதே என்று யாராவது மடக்கலாம். அது நூலுக்குச் சொன்ன குற்றம். நூலில் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போகலாம். பேச்சில் கேட்பவர் பின்னால் போக முடியாது, அதுவும் கிராம சபையில் ஒரு பக்கம் டீ வந்துகொண்டிருக்கும், ஒரு பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அதே நன்னூல் பத்து அழகு சொல்லும்போது சுருங்கச் சொல்லலில் தொடங்கி விளங்குகிற உதாரணத்தில் முடிப்பது எனக்குப் பிடிக்கும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் உங்கள் ஐந்து நிமிடத்துக்குப் போதும்.

விடைதெரியாத கேள்விகளைக் கூட்டத்தைப் பார்த்து வீசாதீர்கள். பேச்சுப் போட்டியில் "இதற்கு யார் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கலாம், ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் சொல்வார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவர் கையை உயர்த்தி, "இந்தச் சாலையின் கதிக்கு யார் காரணம்?" என்று முழங்கினார். பின்னாலிருந்து, "உன் மச்சான்தான்யா காண்ட்ராக்டர்!" என்று பதில் வந்தது. அதற்கு மேல் சாலையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. கேட்பதென்றால், எல்லாருக்கும் ஒரே விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். "2015 வெள்ளத்துல தண்ணி எந்தத் தெரு வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு குரல் தெருப் பெயரைச் சொல்லும். அந்த நாலு குரலும் உங்களுக்குக் கிடைத்த சாட்சி.

இனி ஆதாரம். எண்களில் ஒன்றே ஒன்றை எடுங்கள், அதையும் கேட்பவர் கண்ணால் பார்த்த அளவுக்கு மாற்றுங்கள். நாற்பது ஹெக்டேர் ஏரியில் ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் நாற்பது கோடி லிட்டர். கணக்கு சரிதான், ஆனால் நாற்பது கோடி லிட்டரை யார் பார்த்திருக்கிறார்கள்? அதே கணக்கைச் சின்னதாக்குங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி என்றால் எட்டு லாரிக்கு மேல் வரும். "ஏறக்குறைய ரெண்டரை ஏக்கர்ல அரை விரக்கடை மழை, அது எட்டு லாரித் தண்ணி. அத்தனையும் நம்ம வாய்க்கால்ல நுழைய முடியாம ரோட்டுல ஓடுது" என்றால், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற பெண்களுக்கு உடனே பிடிபடும். எண்ணைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். அடுத்த எண்ணுக்கு ஓடாதீர்கள். ஒன்று கேட்டால் மனத்தில் நிற்கும், நான்கு கேட்டால் நாலும் போய்விடும்.

மேற்கோள் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நீரின்றி உலகம் அமையாது என்பதை மறுக்கிற ஆள் உங்கள் ஊரில் இல்லை. யாரும் மறுக்காததைச் சொல்ல நாற்பது விநாடி எதற்கு? உங்கள் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது என்பதற்கு வள்ளுவர் சாட்சி சொல்ல முடியாது. பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வந்தபோது கைதாகிக் கடலூர்ச் சிறையில் இருந்தவர். நமக்கெல்லாம் அதில் ஒரு சொந்தம் உண்டு, வாய்க்காலுக்கு அதில் சம்பந்தம் இல்லை. அப்பா மனம் நோகக் கூடாது என்றால் ஒரு குறளை முடிவில் வையுங்கள், முழுதாக, தப்பில்லாமல். வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்துல் கலாம் பெயரிலும் விவேகானந்தர் பெயரிலும் அவர்கள் சொல்லாதது எவ்வளவோ சுற்றுகிறது. ஒருவர் எழுந்து, "அதை அவர் எங்கம்மா சொன்னார்?" என்று கேட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற வாய்க்கால் அளவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உங்களுக்குத் தேவையான மேற்கோள் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அந்த வாய்க்காலின் சர்வே எண்ணுக்கான புலப்படம் (அளவுகளோடு வரைந்த நில வரைபடம்), அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் பதிவேடு) அது வாய்க்கால் என்று பதிவாகியிருக்கும் வரி, இந்த இரண்டு நகல் போதும். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையத்தளத்தில் எடுக்கலாம். படத்தில் இருக்கும் அளவை வாசிக்கத் தெரியாவிட்டால் சர்வேயரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ காட்டிக் கேளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். சொல்லும்போது எங்கிருந்து எடுத்தது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: "இது நான் வரைஞ்ச படம் இல்லை, அரசாங்கப் புலப்படம்." அப்புறம் அதில் என்ன இருக்கிறது, அதனால் நமக்கு என்ன என்று வரிசையாக வாருங்கள். ஆதாரத்தைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டு "இதோ ஆதாரம்!" என்று கத்தி முடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது.

தம்பியின் பவர்பாயின்ட்டுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், பந்தல் போட்ட இடத்தில், திரையில் ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால் பேச்சும் போகும். போட்டோவைக் கையில் கொடுத்துச் சுற்றவிடுவதும் வேண்டாம். படம் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசை உங்கள் பேச்சைக் கேட்காது. அதற்குப் பதிலாக, அந்த முந்திரிக்கொட்டை அம்மாவிடம் நான் கற்றுக்கொண்டதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கயிறு கொண்டு போங்கள். புலப்படத்தில் வாய்க்காலின் அகலம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், முதல் கயிறு ஆறு மீட்டர். இன்றைக்குத் தண்ணீர் போக இடம் இருப்பது ஒன்றரை மீட்டர் என்றால் இரண்டாவது கயிறு ஒன்றரை மீட்டர். முன்வரிசையில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு முதல் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். "இது அரசாங்கப் படத்துல இருக்கிற வாய்க்கால்." அதே பிள்ளைகளை நெருங்கி வரச்சொல்லி இரண்டாவதைக் கொடுங்கள். "இது நேத்துக் காலையில நான் அளந்த வாய்க்கால்." பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். பேசாமல் நில்லுங்கள். "வாய்க்கால் இருக்கு, வழி இல்லை" என்ற வரிக்கு இரண்டாவது தடவை இதுதான் இடம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீதி நாலரை மீட்டர் எங்கே போனது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். கொஞ்சம் மண் சரிந்திருக்கும், கொஞ்சம் நாணலும் சீமைக்கருவேலமும், கொஞ்சம் யாரோ ஒருவருடைய வரப்பு. பெயர் சொல்லாதீர்கள், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். பெயர் வந்த நிமிடத்தில் வாய்க்கால் பேச்சு வரப்புச் சண்டையாகிவிடும். ஆக்கிரமிப்புக்குத் தனி மனு, தனி வழி இருக்கிறது. இது நேர்மைக் குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன சாதிக்க வந்தோம் என்பதில் நிற்பது என்று நான் நினைக்கிறேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத அனுபவசாலிகளும் இருக்கிறார்கள், பெயரைச் சொல்லி உடைத்துப் பேசினால்தான் வேலை நடக்கும் என்பார்கள். உங்கள் ஊர் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் யார் என்பதும் பேச்சின் ஆதாரத்தில் ஒன்று. "அவையோர்களே, ஆன்றோர்களே" வேண்டாம். தலைவருக்கு ஒரு வணக்கம், பிறகு, "நான் இன்னார் மக, கிழக்குத் தெரு" என்று சொல்லுங்கள். பெரியப்பா, சித்தி என்று நீங்கள் தினமும் கூப்பிடுகிறவர்கள்தான் முன்னால் இருக்கிறார்கள், மைக் முன்னால் நின்றதும் அவர்களைப் "பெருமக்களே" ஆக்கினால் நீங்கள்தான் அந்நியமாகத் தெரிவீர்கள். ஊராட்சி உண்மையிலேயே செய்த ஒரு நல்ல காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். தெருவிளக்கோ, குடிநீர்த் தொட்டியோ, எதுவானாலும். இது சோப்புப் போடுவதற்காக இல்லை. குறை மட்டுமே சொல்ல வந்தவள் என்ற எண்ணம் வந்துவிட்டால் தலைவர் பதில் சொல்லத் தயாராவாரே தவிர, கேட்கத் தயாராக மாட்டார். "நேத்து நானே போய் அளந்தேன்" என்ற ஒரு வார்த்தைக்கு, படித்த பெண் என்ற பெயரைவிட மதிப்பு அதிகம்.

உடல்மொழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேச்சில் 7 சதவீதம்தான் சொல், மீதி 93 சதவீதம் குரலும் உடம்பும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்களே, அதை நம்பிப் பயப்படாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்த எண் அது. ஒற்றைச் சொற்களும், குரலின் தொனியும், முகபாவமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, பேசுகிறவருக்கு நம்மேல் விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர் எதை வைத்து முடிவுசெய்கிறார் என்பதுதான் அங்கே கேள்வி. வாய்க்கால் அளவுக்கு அது பொருந்தாது. பழைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல் போட்டுப் பழகினார் என்ற கதையும் அப்படித்தான், அவருக்குப் பல நூற்றாண்டு கழித்து எழுதியவர் சொல்லி நமக்கு வந்தது. கை நடுங்கினால் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றபடி நிதானமாக, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசினால் சரி.

நீளம் பற்றி. என் பிள்ளைகளைக் கடிகாரம் வைத்துப் பேசவிட்டுப் பார்த்ததில், ஐந்து நிமிடத்துக்கு நானூறு, நானூற்றைம்பது சொல் வரும். கயிறு பிடிக்கும் நேரம் போக, உங்களுக்கு முந்நூறு சொல். எழுதுங்கள், ஆனால் மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் விட்டால் மொத்தமும் விட்டுப் போகும். முதல் இரண்டு வாக்கியம், அந்த ஒரு வரி, கோரிக்கை, இவை மட்டும் மனத்தில் இருக்கட்டும். நடுவில் உள்ளதைக் கயிறு ஞாபகப்படுத்தும்.

கோரிக்கையைப் பற்றித்தான் நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் பேசுவது அக்டோபர் 2. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும், நம் மாவட்டத்து ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. உங்கள் கையில் இருப்பது இரண்டரை வாரம். "ஏரியையும் வாய்க்கால்களையும் முழுமையாகச் சீரமைக்க வேண்டும்" என்று கேட்டால், எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். "ரோட்டுச் சிறுபாலத்துக்கு ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கிற மண்ணையும் செடியையும் மழைக்கு முன்னால எடுக்கணும்" என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் வேலை, முடியாது என்று சொல்வது கஷ்டம். மழை வாசலில் நிற்கிறது என்பதையே வாதமாக்குங்கள், அதற்கு அடுக்குமொழி தேவைப்படாது. முழுச் சீரமைப்பை இன்னொரு கிராம சபைக்கு வைத்துக்கொள்ளலாம், நவம்பர் 1 இருக்கிறது, ஜனவரி 26 இருக்கிறது. நவம்பரில் பேசும்போது ஒரு மழை பெய்து முடிந்திருக்கும், கையில் புது ஆதாரம் இருக்கும்.

அந்தக் கோரிக்கையை இரண்டு வாக்கியத்தில், சர்வே எண்ணோடு, வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் ஒன்றைத் தலைவரிடமும் ஒன்றை ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்து, "இதைத் தீர்மானமா வாசிச்சுக் காட்டுங்க" என்று மைக்கிலேயே கேளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே நாலு வீட்டுக்குப் போய், "நான் சொன்னதும் நீங்களும் ஆமான்னு சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். போன தடவை பிரமாதமாகப் பேசியவர் இந்தக் கடைசி இரண்டையும் செய்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். இதையெல்லாம் செய்தாலும் தீர்மானம் நிறைவேறும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அது பேச்சுக்கு வெளியே இருக்கும் பல விஷயங்களைப் பொறுத்தது. பேச்சால் ஆகக்கூடியதைத்தான் சொன்னேன்.

கயிறு வாங்கும்போது நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். யாராவது ஒருவர் டேப் வைத்து அளந்து பார்க்கத்தான் போகிறார். சணல் கயிறாக வாங்கி, அன்றைக்குக் காலையில் இன்னொரு முறை அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டு போங்கள்.